ஐந்து போட்டு, மீதி ஒன்று

அப்பாவின் பழைய ஸ்கூட்டரில், ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று இருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று போகும் பிள்ளைக்கு அது சரியாக மூக்குக்கு நேரே வரும். 09999 என்று எண் வந்த அன்று பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை நான் சாலையைப் பார்க்கவே இல்லை. கடைசிச் சக்கரத்தின் 9 மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. அது அசைந்ததும் பக்கத்து 9 அசைந்தது. அதற்கு அடுத்ததும், அதற்கும் அடுத்ததும். நான்கு 9களும் ஒன்றாகத் தோள் கொடுத்து நகர, இடக்கோடியில் அதுவரை தூங்கிக் கிடந்த 0 எழுந்து 1 ஆனது. 10000.

அந்த ஓர் அசைவோடு உலகத்தின் மிகச் சிறந்த மூளைகள் முந்நூறு ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கின்றன என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டாம் வகுப்பில் நாம் எல்லோரும் சொல்லிக் கற்றதுதான் அது. ஏழும் எட்டும் பதினைந்து. ஐந்து போட்டு, மீதி ஒன்று. பாடப்புத்தகம் இதை இனமாற்றம் என்கிறது. பத்து ஒன்றுகள் சேர்ந்து ஒரு பத்தாக இனம் மாறிப் பக்கத்து வரிசைக்குப் போகின்றன. பிள்ளைகள் அந்த 1ஐ மறந்துவிடக் கூடாதே என்று வரிசைக்கு மேலே பொடி எழுத்தில் எழுதிக்கொள்வார்கள்.

கணினியின் வரலாற்றைச் சொல்லும் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரு வரிசையை ஒப்பிக்கும்: மணிச்சட்டம், பாஸ்கல், லைப்னிட்ஸ், பாபேஜ், எனியாக். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஏன் அத்தனை ஆண்டுகள் ஓடின என்று அந்த வரிசை சொல்வதில்லை. என் கணிப்பில் அந்தக் காலம் முழுவதும் இந்த 'மீதி ஒன்று' என்ற முடிச்சில்தான் போனது. ஏழு பல் சுழற்றிய சக்கரத்தை இன்னும் எட்டுப் பல் சுழற்றுவது கடிகாரம் செய்பவர் எவருக்கும் கைவந்த வேலை. சக்கரம் 9ஐத் தாண்டிவிட்டது என்பதை இயந்திரம் தானே உணர வேண்டும், நினைவில் வைக்க வேண்டும், பக்கத்துச் சக்கரத்துக்குச் சொல்ல வேண்டும். பக்கத்துச் சக்கரம் ஏற்கெனவே 9இல் நின்றால்? அதற்கு அடுத்ததும் 9 என்றால்? இங்கேதான் எல்லோரும் சறுக்கினார்கள்.

மணிச்சட்டத்தில் இந்தச் சிக்கலே கிடையாது, ஏனென்றால் அங்கே மீதியைத் தூக்கிப் போவது விரல். ஜப்பானியச் சோரோபானில் ஒரு கம்பிக்கு மேலே ஐந்துக்கான ஒரு மணி, கீழே ஒன்றுக்கான நான்கு மணிகள். ஏழோடு எட்டைக் கூட்ட, அந்தக் கம்பியில் இரண்டைத் தள்ளிவிட்டு இடப்பக்கக் கம்பியில் ஒன்றை ஏற்றுகிறார்கள். பழகிய கைக்கு இது யோசனையே இல்லாத ஒரே அசைவு. 1946 நவம்பரில் டோக்கியோவில், அமெரிக்கப் படையினரின் 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' பத்திரிகை ஒரு போட்டி நடத்தியது. ஒரு பக்கம் மின்சாரக் கணக்கு இயந்திரத்தோடு தாமஸ் உட் என்ற படைவீரர். மறுபக்கம் சோரோபானோடு கியோஷி மாட்சுஸாகி என்ற அஞ்சலகச் சேமிப்புத் துறை ஊழியர். 4க்கு 1 என்று சோரோபான் ஜெயித்தது. இன்று நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு அபாகஸ் வகுப்பு நடக்கிறது. அங்கே பிள்ளைகள் பழகுவதும் பெரும்பாலும் இந்த மீதி கடத்தும் விரல் அசைவைத்தான்.

விரலின் வேலையைப் பற்சக்கரத்திடம் ஒப்படைக்க முயன்றவர்களில் நமக்குத் தெரிந்த முதல் ஆள் வில்ஹெல்ம் ஷிக்கார்ட். ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1623இல் வானியலாளர் கெப்ளருக்கு எழுதிய கடிதத்தில், தானே கூட்டியும் கழித்தும் தரும் ஓர் இயந்திரம் செய்திருப்பதாகச் சொன்னார். ஒரு சக்கரம் முழுச்சுற்று முடிக்கும்போது அதிலிருக்கும் ஒற்றைப் பல் பக்கத்துச் சக்கரத்தை ஒரு படி தள்ளும். எளிமையான ஏற்பாடுதான். ஆனால் 999999 என்று நிற்கும்போது ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். கடைசிச் சக்கரத்தைத் திருப்பும் விரலே ஆறு சக்கரங்களையும் சேர்த்து இழுக்க வேண்டும். என் அப்பாவின் ஸ்கூட்டரில் அந்தப் பாரத்தை எஞ்சின் சுமந்தது. ஷிக்கார்டிடம் இருந்ததோ மனித விரலும் மெல்லிய பற்களும்தான். அதனால் ஆறு இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆறாவது இலக்கத்தையும் தாண்டி மீதி வந்தால் ஒரு மணி அடிக்கும். அடித்ததும் கணக்குப் போடுபவர் ஒரு பித்தளை வளையத்தை எடுத்து விரலில் மாட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை வளையமோ அத்தனை மீதி!

கெப்ளருக்காகச் செய்துகொண்டிருந்த இயந்திரம் தீவிபத்தில் எரிந்துபோனதாக 1624இல் மறுபடி எழுதினார். 1635இல் கொள்ளைநோய் அவரையும் கொண்டுபோனது. கடிதங்களும் ஓவியங்களும் பழைய தாள்களோடு மறைந்து கிடந்து, 1957இல்தான் உலகத்துக்குத் தெரிய வந்தன. அதுவரை முதல் இயந்திரம் பாஸ்கலுடையது என்றே எல்லோரும் எழுதிவந்தார்கள்.

பிளேஸ் பாஸ்கலுக்கு ஷிக்கார்டைப் பற்றி எதுவும் தெரியாது. அவருடைய தந்தை பிரான்சின் ரூவான் நகரில் வரி அதிகாரி. இரவு வெகுநேரம் விழித்திருந்து வரிக் கணக்கைக் கூட்டும் தந்தையைப் பார்த்த மகன், 1642இல், தன் 19ஆவது வயதில், இயந்திரம் செய்யத் தொடங்கினார். அன்றைய பிரெஞ்சுப் பணக் கணக்கு சாதாரணமானதல்ல. 12 தெனியே ஒரு சோல். 20 சோல் ஒரு லீவ்ரு. நம் தாத்தா பாட்டிகள் 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்று கணக்குப் பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் பன்னிரண்டுக்கு மீதி, அடுத்த இடத்தில் இருபதுக்கு, அப்புறம் பத்துக்கு. பணக் கணக்குக்கென்று செய்த இயந்திரங்களில் அதற்கேற்ப 12 பல், 20 பல் சக்கரங்களையும் பொருத்தினார்.

ஏறத்தாழ ஐம்பது மாதிரிகளைச் செய்து பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவர் கண்ட தீர்வு எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள உலக்கையை நினைத்தால் போதும். உலக்கையைத் தூக்குவதுதான் நம் வேலை; இடிப்பது அதன் சொந்தப் பாரம். பாஸ்கலின் இயந்திரத்தில் ஒவ்வொரு சக்கரத்தோடும் ஒரு சிறு பாரக் கை இருக்கிறது. சக்கரம் 0இலிருந்து 9 நோக்கிச் செல்லச் செல்ல அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கப்படுகிறது. 9இலிருந்து 0க்குத் தாண்டும் நொடியில் பிடிமானம் விலக, கை தன் பாரத்தால் பொத்தென்று விழுந்து பக்கத்துச் சக்கரத்தை ஒரு படி தள்ளிவிடுகிறது. அந்தச் சக்கரமும் 9இல் இருந்தால் அதன் கை விழுகிறது. அது அடுத்ததைத் தள்ளுகிறது. விரல் தூக்க வேண்டியது கடைசிக் கையை மட்டும். மற்றவற்றுக்கான பலத்தை ஒவ்வொரு சக்கரமும் முன்கூட்டியே சேமித்து வைத்திருக்கிறது. ஷிக்கார்டை ஆறு இலக்கத்தில் நிறுத்திய சுவர் இங்கே உடைந்தது. எட்டு இலக்க இயந்திரங்கள்கூட வந்தன.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. விழும் கையை வைத்துச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்ற முடியாது. ஆகவே நேரடியாகக் கழிக்க முடியாது. பாஸ்கல் அதையும் கூட்டலாக்கினார். 52இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டுமா? 52இன் ஒவ்வோர் இலக்கத்தையும் 9இலிருந்து கழித்து 47 என்று எழுதுங்கள். அதோடு 17ஐக் கூட்டினால் 64. அதன் இலக்கங்களையும் 9இலிருந்து கழித்தால் 35. விடை சரி. இன்றைய கணினிச் சில்லுகளும் கழித்தலை இதே போல நிரப்பெண் கொண்டு கூட்டலாக்கியே செய்கின்றன.

ஜெர்மானியத் தத்துவ, கணித அறிஞர் லைப்னிட்ஸ் இன்னும் பெரிதாக ஆசைப்பட்டார்: பெருக்கலும் வகுத்தலும் வேண்டும். அதற்காக ஓர் உருளையில் ஒன்றைவிட ஒன்று நீளமாக ஒன்பது பற்களைச் செதுக்கினார். பக்கத்துச் சக்கரத்தை உருளையின் மேல் எங்கே நகர்த்தி நிறுத்துகிறோமோ அதற்கேற்ற எண்ணிக்கைப் பற்கள் மட்டும் அதைத் தொடும். 7இல் நிறுத்திவிட்டுக் கைப்பிடியை எட்டு முறை சுற்றினால் ஏழெட்டு ஐம்பத்தாறு. 1673இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதன் மாதிரியைக் காட்டினார். பின்னால் வந்த கணக்கு இயந்திரங்களில் இந்தப் படியுருளை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் சுழன்றது. ஆனால் 'மீதி ஒன்று' அவரையும் வீழ்த்தியது. ஒரு மீதி இன்னொரு மீதியைக் கிளப்பி, அது மூன்றாவதைக் கிளப்பினால் இயந்திரம் தடுமாறும். இயந்திரத்தில் இருந்த ஐங்கோணத் தகடுகளில் ஏதாவது ஒன்றின் முனை வெளியே துருத்திக்கொண்டு நின்றால், அங்கே ஒரு மீதி பாக்கி என்று பொருள். கணக்குப் போடுபவர் கையால் தள்ளிவிட வேண்டும். ஐரோப்பாவின் மாபெரும் அறிவாளி பல ஆண்டுகள் பணமும் உழைப்பும் கொட்டிய இயந்திரத்துக்கு, கடைசிப் படியில் மறுபடியும் விரல் தேவைப்பட்டது.

அடுத்த நூற்றாண்டைச் சட்டென்று கடந்துவிடலாம். 1820இல் பிரான்சில் தாமஸ் த கொல்மார் காப்புரிமை பெற்ற அரித்மோமீட்டர், 1850களில் கடைக்கு வந்து அலுவலகங்களில் இடம்பிடித்தது. அது போன்ற கை இயந்திரங்களின் கடைசித் தலைமுறையை நம் ஊரிலும் பார்த்தவர்கள் உண்டு. கல்லூரியில் புள்ளியியல் படித்த மூத்தவர்களுக்குக் கைப்பிடி சுழற்றும் ஃபேசிட் இயந்திரம் நினைவிருக்கும். வகுத்தலுக்குக் கைப்பிடியைப் பின்னோக்கிச் சுழற்றிக் கழித்துக்கொண்டே போவார்கள். எண் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் 'டிங்' என்று மணி அடிக்கும். ஒரு சுற்று முன்னோக்கிச் சுழற்றிச் சரிசெய்வார்கள். கடன் வாங்க இடமில்லாமல் இடக்கோடியைத் தாண்டிவிட்டது என்பதுதான் அந்த மணி. ஷிக்கார்டின் மணிக்கு அது நேர் வாரிசு.

இங்கிலாந்துக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜிடம் வருவோம். 1821இல் அவரும் நண்பர் ஜான் ஹெர்ஷலும் வானியல் அட்டவணைகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தபோது பக்கத்துக்குப் பக்கம் பிழை. பிளஸ் டூவில் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டி மடக்கை பார்த்தவர்களுக்கு, அந்தக் குட்டிப் புத்தகத்தில் ஓர் எண் தப்பானால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடலில் போகும் கப்பலுக்கு அது பாறையில் மோதும் தப்பு. அட்டவணைகளைக் கணக்கிட்ட ஆட்களுக்குத்தான் அன்று 'கம்ப்யூட்டர்' என்று பெயர். அவர்களுக்குப் பதில் இயந்திரம் செய்யலாம் என்பது பாபேஜின் எண்ணம்.

அவர் எடுத்துக்கொண்ட முறை, பெருக்கலே இல்லாமல் வெறும் கூட்டலால் அட்டவணை போடுவது. 1, 4, 9, 16 என்ற வர்க்கங்களின் வித்தியாசங்கள் 3, 5, 7. அவற்றின் வித்தியாசம் எப்போதும் 2. ஆகவே 7உடன் 2ஐக் கூட்டி 9. 16உடன் அந்த 9ஐக் கூட்டி 25. இப்படியே போகலாம். எல்லாமே கூட்டல் என்றால் எல்லாமே மீதியும்தான். முப்பது இலக்கத்துக்கு மேல் உள்ள எண்களில் பாஸ்கலின் விழும் கைகளை நம்ப முடியாது. ஒன்று தப்பினால் அட்டவணை முழுவதும் கெட்டது.

பாபேஜ் வேலையை இரண்டாகப் பிரித்தார். முதல் கட்டத்தில் எல்லா இலக்கங்களையும் கூட்டிவிடுவது, மீதியைக் கடத்துவதில்லை. எந்தச் சக்கரம் 9ஐத் தாண்டியதோ அதன் பக்கத்தில் ஒரு சிறு நெம்பு மட்டும் சாய்ந்து நிற்கும். இரண்டாம் கட்டத்தில், சுழல் படிக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த உலோகக் கைகள் கீழிருந்து மேலாகச் சுற்றி வரும். வாசலில் செம்பு வைத்திருக்கும் வீட்டில் மட்டும் நின்று பால் ஊற்றிவிட்டுப் போகும் பால்காரரைப் போல, நெம்பு சாய்ந்திருக்கும் இடத்தில் மட்டும் அந்தக் கை மேலே உள்ள சக்கரத்தை ஒரு படி தள்ளும். அதனால் அந்தச் சக்கரமும் 9ஐத் தாண்டினால் அதன் நெம்பு சாயும். அடுத்த கை அங்கே வந்து சேர்வதற்குச் சற்று முன்னால் அது நடந்து முடிந்திருக்கும். பிள்ளைகள் வரிசைக்கு மேலே எழுதிக்கொள்ளும் பொடி எழுத்து 1தான் அந்த நெம்பு. மீதியை நினைவில் வைப்பதும் அதைச் செயல்படுத்துவதும் வேறு வேறு வேலை என்று பிரித்ததுதான் பாபேஜின் பெரிய சாதனை என்பேன்.

வித்தியாச இயந்திரம் என்று பெயர் பெற்ற இதற்குப் பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ 17 ஆயிரம் பவுண்டு செலவழித்தது. 1832இல் ஏழில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி இயங்கிக் காட்டியது. பிறகு இயந்திரப் பொறியாளர் ஜோசப் கிளெமென்ட்டோடு தகராறு; 1833இல் வேலை நின்றது; 1842இல் அரசு கைவிட்டது. பாபேஜ் அதற்குள் இன்னும் பெரிய கனவுக்குப் போயிருந்தார். 1834இல் தொடங்கிய பகுப்பாய்வு இயந்திரத்தில் எண்களை வைக்க ஒரு பகுதி, கணக்குப் போட ஒரு பகுதி, கட்டளை கொடுக்கத் துளையிட்ட அட்டைகள் எல்லாம் உண்டு. அடா லவ்லேஸ் 1843இல் அதைப் பற்றி எழுதிய குறிப்புகளைப் பலரும் அறிவார்கள். அதிகம் பேசப்படாதது என்னவென்றால், அந்த இயந்திரத்துக்காகப் பாபேஜ் மிகவும் மெனக்கெட்ட இடங்களில் ஒன்று இதே 'மீதி ஒன்று' என்பதுதான். நாற்பது இலக்கம் என்றால் நாற்பது வீட்டு வாசலையும் பால்காரர் வரிசையாகப் பார்த்து முடிக்க வேண்டும். அதுவரை இயந்திரம் சும்மா நிற்கும்.

அவர் கண்ட வழி இது: 9இல் நிற்கும் சக்கரம் வருகிற மீதியை அப்படியே அடுத்ததற்குக் கடத்தும், 9க்குக் குறைவாக நிற்கும் சக்கரம் மீதியை வாங்கிக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடும். எங்கே கிளம்பும், எங்கே நிற்கும் என்பது சக்கரங்களைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. ஆகவே 9களை ஒன்றோடொன்று கோத்து, ஒரே அசைவில் எல்லா மீதியையும் செலுத்திவிடலாம். இயந்திரத்துக்கு முன்கூட்டிப் பார்க்கவும், பார்த்ததன்படி நடக்கவும் கற்றுக்கொடுத்தேன் என்ற பொருளில் 1864இல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அந்த இயந்திரம் கட்டி முடிக்கப்படாமலே 1871இல் அவர் இறந்தார்.

இதன்பின் பற்சக்கரம் விலகி மின்சாரம் வருகிறது. 1937 நவம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், அன்று தொலைபேசி இணைப்பகத்தில் பயன்பட்ட ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சுகள் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, புகையிலை டப்பாத் தகரத்தை வெட்டி இரண்டு சாவிகள், டார்ச் பல்புகள் இரண்டு, ஒரு பேட்டரி என்று பலகையில் பொருத்தினார். ஒரு சாவியை அழுத்தினால் ஒரு பல்பு எரியும். இரண்டையும் அழுத்தினால் அது அணைந்து மற்றது எரியும். 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட இரும எண்ணில் 1உம் 1உம் 10. இரண்டாவது பல்புதான் மீதி ஒன்று. பாரம் தூக்க வேண்டாம், பால்காரர் வர வேண்டாம். இரண்டு சாவியும் மூடியிருந்தால் மின்சாரம் பாயும், அவ்வளவுதான். சமையலறை என்பதன் ஆங்கில முதலெழுத்தை வைத்து வீட்டில் அதற்கு 'மாடல் கே' என்று பெயர். இரும எண்களைப் பற்றி 1703இல் கட்டுரை வெளியிட்டவர் லைப்னிட்ஸ். அவர் இயந்திரத்தைத் தடுமாற வைத்த மீதிக்கு, அதே எண்முறை இங்கே விடை கொடுத்தது.

1940இல் ஸ்டிபிட்ஸ், டார்ட்மவுத் கல்லூரியில் இருந்தபடியே நியூயார்க்கில் இருந்த தன் ரிலே இயந்திரத்தைத் தந்திக் கம்பி வழியாக இயக்கிக் காட்டினார். பார்த்தவர்களில் ஜான் மாக்லியும் ஒருவர். அவரும் பிரெஸ்பர் எக்கர்ட்டும் பென்சில்வேனியாவில் உருவாக்கிய எனியாக் 1946 பிப்ரவரியில் உலகுக்கு அறிமுகமானது. சுமார் 18 ஆயிரம் வெற்றிடக் குழாய்கள், 30 டன், வினாடிக்கு 5 ஆயிரம் கூட்டல். அது இரும எண்ணுக்குப் போகவில்லை. பத்துப் பத்தாகவே எண்ணியது. அதன் கூட்டலைக் கூர்ந்து பார்த்தால் பாபேஜ் தெரிகிறார்: முதலில் இலக்கங்களின் துடிப்புகள், 9ஐத் தாண்டியதை ஒரு மின்சுற்று நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு மீதிக்கென்று தனித் துடிப்பு.

நம் கைபேசியின் சில்லு ஒரே நேரத்தில் 64 இரும இலக்கங்களைக் கூட்டுகிறது. மீதி ஒவ்வோர் இடமாக ஊர்ந்து போனால் கடைசி இடம் காத்துக் கிடக்க வேண்டும். 1950களில் பொறியாளர்கள் அதற்கு வழி கண்டார்கள். இரண்டும் 1 என்றால் அந்த இடம் மீதியை உண்டாக்கும். ஒன்று மட்டும் 1 என்றால் வருவதைக் கடத்தும். இரண்டும் 0 என்றால் நிறுத்தும். இதை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பார்த்து, மீதிகளை முன்கூட்டியே கணித்துவிடலாம். பற்சக்கரத்தில் பாபேஜ் யோசித்ததும் இதுவேதான்.

பாபேஜ் 1840களின் கடைசியில் வரைந்த இரண்டாம் வித்தியாச இயந்திரத்தை, அவர் பிறந்து 200 ஆண்டு நிறைந்த 1991இல் லண்டன் சயன்ஸ் மியூசியம் அவருடைய வரைபடப்படியே கட்டி ஓட்டியது. கணக்குப் பகுதி அந்த ஆண்டு முடிந்தது. அச்சிடும் பகுதி 2002இல் சேர்ந்தது. எல்லாம் சேர்த்து சுமார் 8 ஆயிரம் உறுப்புகள், 5 டன். கணக்குத் தப்பவில்லை. அது ஓடும் வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வீட்டில் கணக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். முன்பக்கத்து எண்களை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். கைப்பிடி சுழலும்போது பின்பக்கத் தூண்களில் உலோகக் கைகள் கீழிருந்து மேலே அலைபோல வளைந்து ஏறும். அந்தப் பிள்ளை தன் நோட்டில் பொடி எழுத்தில் எழுதும் 1 அதுதான் என்று சொல்லுங்கள்.